முக்கால் பங்கு கவனம்

வகுப்பில் உடம்பைக் கொண்டுபோய் உட்காரவைத்தால் போதும், வருகைப்பதிவு விழுந்துவிடும் என்றிருந்தது ஒரு பொற்காலம். அந்தக் காலத்து மாணவர்கள் கடைசி பெஞ்சில் தூங்கினார்கள், சினிமாவுக்குப் போன சிநேகிதனுக்காகக் குரலை மாற்றி ‘ப்ரெசன்ட் சார்’ சொன்னார்கள், அப்படியே டிகிரியும் வாங்கினார்கள். பிறகு அவர்களில் பலர் பேராசிரியர்கள் ஆனார்கள். பாம்பின் கால் பாம்பறியும் அல்லவா? கல்லூரிக்குள் கவனமானியைக் கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான்.

மொச்சைக்கொட்டை அளவில் இருக்கும். காதுக்குப் பின்னால் எலும்பின்மேல் ஒட்டிக்கொள்ளும். திருநெல்வேலிக்கு மேற்கே இருந்த அந்தப் பொறியியல் கல்லூரியில், முதலாண்டுச் சேர்க்கையன்று சிவில் துறை உதவிப் பேராசிரியர் கோமதிநாயகம் அதை இரண்டு விரல்களால் தூக்கிப் பிடித்துப் பெற்றோருக்குக் காட்டினார்.

“உடம்பு வந்துச்சா வரலையான்னு இனிமே நாங்க பாக்கப் போறதில்லை. மனசு வந்துச்சான்னுதான் பாக்கப் போறோம். பாடம் நடக்கும்போது உங்க பிள்ளை மூளை முழிச்சிருக்கா, ஒரே இடத்துல நிக்கா, இல்ல ஊர் சுத்துதான்னு இது கோடு போட்டுக் காட்டிரும். முக்கால் பங்கு கவனம் இருக்கணும். குறைஞ்சா அடுத்த செமஸ்டர் முழுக்க ப்ரொபேஷன். அதுலயும் குறைஞ்சா சஸ்பென்ஷன். ஒரு வருஷம் வீட்டுல இருக்க வேண்டியதுதான்.”

கூட்டத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் எழுந்து கை கட்டிக்கொண்டு கேட்டார். “பரீட்சைல நல்ல மார்க் வாங்கிட்டா சார்?”

“மார்க் வேற, கவனம் வேறங்கய்யா,” என்றார் கோமதிநாயகம்.

கேட்டவர் தேவசகாயம். நாசரேத் பக்கத்தில் ஒரு சிற்றூரில் கோயில்பிள்ளையாக இருந்தார். தேவாலயத்தில் மணியடிப்பது, விளக்கு போடுவது, பெஞ்சு துடைப்பது எல்லாம் அவர் வேலை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய இளைய மகள் பியூலா அப்போதும் மேடையைப் பார்க்கவில்லை. கூரையில் ஓடிய ஒரு அணிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பியூலாவின் மனசு அப்படித்தான். ஓரிடத்தில் உட்காரச் சொன்னால் உடனே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடும். பாடத்தில் ‘தூண்’ என்று ஒரு சொல் வந்தால் போதும். ஊர்க் கோயில் தூணுக்குப் போய், அதில் சாய்ந்து தூங்கும் வாத்தியார்வாளிடம் போய், அவர் வீட்டு வாழைத்தாருக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் மணியடித்துவிடும். ஆனால் புத்தகத்தை எடுத்து ஒருமுறை புரட்டினால் எல்லாம் மண்டையில் ஏறிவிடும். முதல் செமஸ்டரில் அவள் வகுப்பில் மூன்றாவது மார்க். கவனமோ பாதிக்குச் சற்றுமேல். ப்ரொபேஷன் கொடுத்தார்கள்.

கையெழுத்துப் போட வந்த தேவசகாயம் மகளைத் திட்டவில்லை. “கவனம்னா என்ன பாப்பா, ஜெபத்துல கண்ணை மூடினா என் மனசே வீட்டுக்குப் போயி உலை வச்சிட்டு வந்துருது,” என்றார். பஸ் ஏறும்போதுதான் குரல் இறங்கியது. “இன்னொரு தடவை வரவச்சிராத. உங்கக்காவையும் ஒரு வருஷம்னுதான் நிப்பாட்டினோம். தெரியும்லா?”

பியூலாவுக்குத் தெரியாமல் என்ன? அக்கா மஞ்சள் காமாலையில் ஒரு வருடம் படிப்பை நிறுத்தினாள். வீட்டில் சும்மா இருக்கும் பெண்ணைச் சும்மா விடுவார்களா? அந்த வருடமே கல்யாணம் முடிந்து, இப்போது கையில் ஒன்று இடுப்பில் ஒன்று. ஒரு வருடம் வீடு என்றால் அது ஒரு வருடம் இல்லை என்பது பியூலாவின் வீட்டில் எழுதாத சட்டம்.

அவள் அழுதுகொண்டே விடுதி அறைக்கு வந்தபோது, அறைத்தோழி இசக்கி கட்டிலில் சம்மணமிட்டு எலுமிச்சை ஊறுகாயும் தயிர்ச்சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். புளியங்குடிக்காரி. மாமாவுக்கு அங்கே எலுமிச்சை மண்டி இருந்தது. அதனால் அவர்கள் அறையில் எது தீர்ந்தாலும் ஊறுகாய் தீராது. வகுப்பில் பியூலாவுக்குப் பக்கத்து இடம் இசக்கிக்கு. கன்னத்தில் கை வைத்து, வாயைக் கொஞ்சம் திறந்து, சினிமா பார்ப்பதுபோலப் பாடம் கேட்பாள். அவளுக்கு அதில் முயற்சியே கிடையாது, பிடித்திருந்தது, கேட்டாள்.

“அழாதட்டி,” என்றாள் இசக்கி. “உன் மானியைக் குடு. நான் மாட்டிக்கிடுதேன்.”

“நீதான் ஒண்ணு மாட்டியிருக்கியே.”

“ரெண்டு காது இருக்குல்லா?”

இப்படித்தான் ஆரம்பித்தது. ஆளுக்கு ஆள் ப்ராக்ஸி சொல்லி வளர்ந்த பரம்பரையில் வந்த பிள்ளைகள்; சிநேகிதிக்காக இரண்டு காதால் கேட்பதில் அவர்களுக்கு என்ன பெரிய பாவம் தெரிந்திருக்கப்போகிறது? தினமும் காலையில் இசக்கி இடது காதில் தன்னுடையதையும் வலது காதில் பியூலாவுடையதையும் ஒட்டிக்கொண்டு, மேலே முடியை இழுத்துவிட்டுக்கொள்வாள். பியூலா பக்கத்திலேயே வெறுங்காதோடு உட்கார்ந்திருப்பாள். வேடிக்கை என்னவென்றால், யாரும் அளக்காத அந்த நாட்களில்தான் அவள் சில வகுப்புகளை உண்மையிலேயே ரசித்துக் கேட்டாள். அதைப் பதிவு செய்ய மானி இல்லை, அவ்வளவுதான்.

செமஸ்டர் முடிந்து, எல்லோருடைய கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தபோது இரண்டு கோடுகள் அச்சாகப் பொருந்தின. இசக்கியின் மனம் கொஞ்சம் தளர்ந்த இடத்தில் பியூலாவின் மனமும் தளர்ந்திருந்தது. இசக்கிக்குத் தும்மல் வந்த நேரத்தில் பியூலாவுக்கும் தும்மல் வந்திருந்தது. ஒரே தலையில் இரண்டு மானி என்று சின்னப்பிள்ளைக்கும் புரியும். யார் தலை என்பதுதான் கேள்வி; ப்ரொபேஷன் பயத்தில் யாரும் திருந்தியிருக்கலாம் என்பதால் முதல் செமஸ்டர் கணக்கு சாட்சிக்கு ஆகாது என்றுவிட்டார்கள்.

விசாரணைக்கு அழைத்த அன்று காலையில் இசக்கி நிதானமாக இருந்தாள். “உண்மையைச் சொல்லிருவோம். கவனத்தைக் கடன் குடுத்தவளுக்கு எச்சரிக்கையோட சரியாம். அதை நான் ஏத்துக்கிடுதேன்.”

“கடன் வாங்கினவளுக்கு?”

பதில் இருவருக்கும் தெரியும். வாங்கினவளுக்கு நேரே சஸ்பென்ஷன்தான்.

பியூலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஒண்ணும் சொல்லாதட்டி. ரெண்டு பேருமே தெரியாதுன்னு சொல்லுவோம். யாருன்னு அவங்களால கண்டுபிடிக்க முடியலைன்னா விட்டுருவாங்க. என்னை வீட்டுக்கு அனுப்பினா நான் திரும்ப வரமாட்டேன், உனக்குத் தெரியும்லா.”

இசக்கி முடியை வாரி முடிந்துகொண்டாள். பிறகு “சரி” என்றாள்.

பேராசிரியர்கள் என்ன, நேற்று முளைத்த காளான்களா? இருவரும் தெரியாது என்றதும் முதல்வர் சிரித்தார். “தெரியாட்டா பரவாயில்ல. இப்பவே ஒரு வகுப்பு எடுப்போம். ரெண்டு பேருக்கும் புது மானி. யார் கோடு பழைய கோட்டோட ஒத்துப்போகுதோ அது அவங்க தலை. இன்னொருத்தி சஸ்பென்ஷன்.”

கருத்தரங்கு அறையின் இரண்டு கோடியில் இருவரையும் உட்காரவைத்தார்கள். கோமதிநாயகம் வெள்ளைப் பலகையில் காங்கிரீட்டுக்குத் தண்ணீர் எவ்வளவு, சிமென்ட் எவ்வளவு என்று பாடம் எடுத்தார். சத்தியமாக அதைவிடச் சலிப்பான பாடம் உலகத்தில் கிடையாது. அவருக்கே கொட்டாவி வந்தது.

பியூலா கேட்டாள். பிறந்ததிலிருந்து எதையும் அப்படிக் கேட்டதில்லை. அக்காவின் இடுப்புக் குழந்தை கண்முன் நின்றது, அப்பாவின் வெள்ளைச் சட்டை நின்றது. பயம் அவள் மனசின் காலைப் பிடித்து அந்தப் பலகையில் கட்டிப்போட்டுவிட்டது. தண்ணீர் கூடினால் பலம் குறையும் என்று அவர் சொன்னபோது, தன் உயிரே அந்தத் தண்ணீரின் அளவில் இருப்பதுபோல இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இசக்கிக்கோ அன்று பாடத்தில் கண் நிற்கவில்லை. அறையின் மறுகோடியில் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்த சிநேகிதியைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், மறுபடியும் சிநேகிதியைப் பார்த்தாள். பாவம், இந்தப் பிள்ளை அழுதுவிடுமோ என்றுதான் அவளுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

முடிவு திரையில் வந்தது. பழைய கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தது பியூலாவின் கோடு. இசக்கியின் கோடு மேடும் பள்ளமுமாகக் கிடந்தது.

“அப்போ கேட்டது பியூலா. வாங்கினது இசக்கி,” என்றார் முதல்வர்.

இசக்கி எழுந்துவிட்டாள். “இல்லை சார். ரெண்டும் எந்தலைல இருந்ததுதான்.”

“காலைல தெரியாதுன்னு சொன்ன?”

“அது… பொய் சார். இதுதான் நிஜம். அவட்டயே கேளுங்க.”

எல்லோரும் பியூலாவைப் பார்த்தார்கள். இசக்கியும் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமோ கெஞ்சலோ இல்லை. ‘சொல்லு, நேரமாகுதுல்லா’ என்பதுபோல ஒரு சாதாரணப் பார்வை. சொல்லிவிடுவாள் என்று அவ்வளவு நம்பிக்கை.

பியூலா எழுந்து நின்றாள். ஒரு சொல் போதும். ‘ஆமா’ என்ற ஒரு சொல்.

“எனக்குத் தெரியலை சார்,” என்றாள்.

அன்று சாயங்காலமே இசக்கி மூட்டை கட்டினாள். பாயைச் சுருட்டினாள், கொடியிலிருந்த துணிகளை மடித்தாள். பியூலா ஓடிப்போய் அவளுடைய பிளாஸ்டிக் வாளியைத் தூக்கினாள். இசக்கி அதை அவள் கையிலிருந்து வாங்கி, தானே எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். ஊறுகாய்ப் பாட்டிலை மட்டும் விட்டுப்போயிருந்தாள். மறந்தாளா, வேண்டுமென்றே வைத்தாளா என்று யோசித்து யோசித்து பியூலா அதைத் திறக்கவே இல்லை.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். பியூலாவின் நெஞ்சு குறுகுறுத்ததோடு நிற்கவில்லை, நகர மறுத்தது. எந்த வகுப்பிலும் பக்கத்து இடம் காலியாக இருந்தது. அந்தக் காலி இடத்திலேயே அவள் மனசு போய் நின்றுகொண்டது. முன்பெல்லாம் அணில் ஓடினால் கூடவே ஓடிய மனசு இப்போது ஆணி அடித்ததுபோல ஒரே இடத்தில் நின்றது. ஆசிரியர் சொன்னது எதுவும் காதில் விழவில்லை. ‘எனக்குத் தெரியலை சார்’ என்ற தன் குரல் மட்டும் விழுந்துகொண்டே இருந்தது.

மானி அதை வேறுவிதமாகப் படித்தது. மாதக் கடைசியில் அறிவிப்புப் பலகையில் முதல் பெயர் பியூலா. கவனம் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. மார்க் விழுந்துவிட்டது, மாதத் தேர்வில் இரண்டு பாடத்தில் பெயில். ஆனால் அதை யார் பார்த்தார்கள்? மார்க் வேற, கவனம் வேற என்று முதல்நாளே சொல்லிவிட்டார்களே.

தேவசகாயத்துக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது. பியூலா ஊருக்கு வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், பிறந்தநாள், புது பைக், வயிற்றுவலி நீங்கியது என்று மற்றவர்கள் கொடுத்த ஸ்தோத்திரக் காணிக்கைகளோடு அவருடையதையும் போதகர் வாசித்தார். “கோயில்பிள்ளை தேவசகாயம் அவர்களின் மகள் பியூலா, கல்லூரியில் நேர்ந்த சோதனையிலிருந்து காக்கப்பட்டதற்காக.” சபை மொத்தமும் திரும்பி அவளைப் பார்த்துப் புன்னகை செய்தது. அப்பா கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பியூலா எழுந்து வெளியே போய், ஆராதனை முடியும்வரை வேப்பமரத்தடியில் நின்றாள்.

திங்கட்கிழமை கோமதிநாயகத்தின் அறைக்கதவைத் தட்டினாள். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். “ரெண்டும் இசக்கி தலைல இருந்ததுதான் சார். அன்னைக்கு நான் கேட்டது பயத்துல. இப்ப தொண்ணூத்தெட்டு வாங்குறதும் கவனத்துல இல்ல. எனக்குப் பாடமே கேக்கலை சார்.”

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “நீ சொல்லுதது நடக்கக்கூடியதுதாம்மா. நீ எதைக் கவனிக்கேன்னு மானிக்குத் தெரியாது. மனசு ஒரே இடத்துல நிக்கா, முழிச்சிருக்கா, அம்புட்டுதான் தெரியும். வெறிநாய் துரத்துதவனுக்கு ஒட்டிப் பாரு, நூத்துக்கு நூறு காட்டும்.”

“அப்போ இசக்கியைக் கூப்பிட்டிருங்க சார். என்னை அனுப்பிருங்க.”

“அறிக்கைல கையெழுத்து போட்டது நான்.” அவர் மேசையிலிருந்த பேனாவை இடம் மாற்றி வைத்தார். “நானும் இன்னும் ப்ரொபேஷன்லதான் இருக்கேன்ம்மா. வாத்தியாருக்கும் உண்டு, ரெண்டு வருஷம். மானி தப்பாக் காட்டுதுன்னு நான் போய்ச் சொன்னா…” முடிக்கவில்லை. அவர் குரலில் ஒரு வெட்கம் வந்தது. “மறுபடி ஒரு சோதனை வைக்கச் சொல்லிப் பாக்கேன். அதுல உன் கோடு விழணும். விழுந்தா எல்லாம் தன்னால வெளிய வந்துரும். உனக்குக் கவனிக்காம இருக்கத் தெரியும்லா?”

பியூலாவுக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. இந்த உலகத்தில் அவளுக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதானே.

மறுசோதனை அதே கருத்தரங்கு அறையில் நடந்தது. முதல்வர் வேண்டாவெறுப்பாக வந்து உட்கார்ந்தார். பாடம் தொடங்கியதும் பியூலா தன் மனசை அவிழ்த்துவிட்டாள். போ, வாழைத்தாருக்குப் போ, வாத்தியார்வாளிடம் போ. போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு அணில்கூட ஓடியது. அதைப் பார்த்தாள், அணில் அணிலாகவே இருந்தது. கீர்த்தனைப் பாட்டு ஒன்றை மனசுக்குள் பாடிப் பார்த்தாள், இரண்டாவது அடி ஞாபகம் வரவில்லை. இது விழாவிட்டால் இசக்கி வரமாட்டாள் என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் மனசு இன்னும் இறுக்கமாக வந்து நின்றுகொண்டது. விழு, விழு என்று அவள் கெஞ்சக் கெஞ்சக் கோடு ஏறியது.

திரையைப் பார்த்த முதல்வர் எழுந்து வந்து அவள் தலையில் கை வைத்தார். “சிநேகிதிக்காகப் பழியைத் தன் தலைல போட்டுக்க வந்திருக்கா. இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளை. பாத்தீங்களா கோமதிநாயகம்?”

“இல்லை சார், நான் நிஜமாத்தான்…”

“போதும்மா. உன் மனசு எனக்குப் புரியுது.”

கோமதிநாயகம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. முதல்வருக்கு அந்தக் கோடு மிகவும் பிடித்துப்போய்விட்டது. இதுவரை கவனத்துக்கான அளவுகோலை மானி விற்ற கம்பெனிதான் கொடுத்துவந்தது. யாரோ எங்கேயோ கேட்டவர்களின் சராசரி. வரும் கல்வியாண்டிலிருந்து நம் கல்லூரிக்கு நம் மாணவியே அளவுகோல் என்று அறிவித்தார். பியூலாவின் கோட்டை வாராவாரம் புதிதாக எடுப்பார்கள். பாட நேரத்தில் முக்கால் பங்காவது மற்றவர்களின் கோடு அதைத் தொட வேண்டும். யாரும் மாற்றி ஒட்டிக்கொள்ளாமல் இருக்கக் காலையில் வாசலிலேயே ஊழியர் மானியை ஒட்டிவிடுவார், சாயங்காலம் அவரே எடுப்பார்.

“நான் படிப்பை விட்டுட்டுப் போயிட்டா சார்?” என்று கோமதிநாயகத்திடம் கேட்டாள் பியூலா.

“கடைசியா எடுத்த கோடு அப்படியே நிக்கும். நீ போனாலும் அது போகாது,” என்றார் அவர்.

விடுமுறையில் வீட்டில் பொய் சொல்லிவிட்டுப் புளியங்குடிக்குப் பஸ் ஏறினாள். மண்டி முழுக்க எலுமிச்சை மணம். குவியலுக்கு முன்னால் சாக்கில் உட்கார்ந்து இசக்கி காய் பிரித்துக்கொண்டிருந்தாள். பெரிசு ஒரு பக்கம், சிறிசு ஒரு பக்கம், அடிபட்டது ஊறுகாய்க்கு. கை தானாகப் பிரித்தது. கண் மட்டும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் காய்க்குப் போனது.

பியூலா நின்றபடியே எல்லாம் சொன்னாள். சொன்னதையும், யாரும் நம்பாததையும்.

“என்னையும்தான் யாரும் நம்பலை,” என்றாள் இசக்கி.

“என்னை மன்னிச்சிருட்டி.”

இசக்கி ஒரு காயை உருட்டிப் பார்த்து அடிபட்ட பக்கம் போட்டாள். “நான் மன்னிச்சிட்டேன்னு சொல்லணும், நீ நல்லாத் தூங்கணும். அதுக்குத்தான இவ்வளவு தூரம் வந்திருக்கே. சொல்ல மாட்டேன். எங்க மாமா என்னை வேலைக்காரி மாதிரி அதட்டுதாரு, எங்கம்மா என் மூஞ்சியைப் பாக்கமாட்டேங்கா. காப்பியடிச்சவன்னு தெருவுல பேரு. நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்.”

பிறகு, “வெயில்ல வந்திருக்கே. உள்ள போயி அத்தைட்ட மோர் வாங்கிக் குடிச்சிட்டுப் போ,” என்றாள்.

பியூலா மோர் குடிக்காமலே திரும்பினாள். பஸ்ஸில் வரும்போது, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

ஒரு வருடம் கழித்து இசக்கி திரும்பி வந்தாள். வரவிடாமல் மாமா பண்ணிய தகராறு தனிக்கதை. ஒரு வகுப்பு கீழே, ப்ரொபேஷனோடு. இந்தமுறை தவறினால் கல்லூரியைவிட்டே நீக்கம். விடுதியில் வேறு அறை கேட்டு வாங்கிக்கொண்டாள். எதிரே வந்தால் தலையை அசைத்துவிட்டுப் போவாள்.

இரண்டு மாதம் போயிருக்கும். கேன்டீனில் பியூலா தனியாக டீயோடு உட்கார்ந்திருந்தபோது, எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இசக்கி உட்கார்ந்தாள். மேலே டிவியில், அவள் காதுக்குப் பின்னாலிருந்த மானியிலிருந்து நேரடியாக அவளுடைய கோடு ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று முதல்வர் வைத்த ஏற்பாடு.

“எனக்கு ஒரு காரியம் ஆகணும்,” என்றாள் இசக்கி. “என் கோடு எப்பவும் எப்படி இருக்குமோ அப்படியேதான் இருக்கு. ஆனா இப்ப அது பத்தலையாம். எங்க வகுப்புல பாதிப்பேருக்கு ப்ரொபேஷன் வரப்போகுது. முக்கால்வாசி நேரம் உன் கோட்டைத் தொடணுமாம்லா. எனக்கு எட்டலை. இன்னும் ஒரு மாசத்துல செமஸ்டர் முடியுது, இப்படியே போனா என்னை எடுத்துருவாங்க. நீ எப்படிட்டி கவனிக்கே? சொல்லிக்குடு. இதையாவது செய்.”

பியூலா டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“அது கவனம் இல்ல, இசக்கி.”

“பின்ன?”

“அன்னைக்கு எல்லாரும் என்னைப் பாத்தாங்கல்லா. நீயும் பாத்தே. நான் தெரியலைன்னு சொன்னேன். என் மனசு அங்கயே நிக்குது. நகரவே மாட்டேங்கு. அதைத்தான் மானி கோடா போடுது. உனக்கு அதை எப்படிச் சொல்லிக்குடுக்க? யாருக்காவது துரோகம் பண்ணியிருந்தாத்தான் அது வரும்.”

இசக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்து மேசையில் முதலாண்டுப் பையன்கள் மூன்று பேர் டிவியைப் பார்த்து முகத்தை இறுக்கிக்கொண்டு பழகிக்கொண்டிருந்தார்கள்.

“அப்போ,” என்றாள் மெதுவாக, “நான் உன்னை மன்னிச்சா அந்தக் கோடு இறங்கிருமா?”

“தெரியலை. இறங்கும்னு நினைக்கேன்.”

“இறங்கினா எங்களுக்கெல்லாம் எட்டும்.”

“எட்டும்.”

இசக்கி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். பியூலாவின் முகத்தை நேராகப் பார்த்தாள். “சரி. நான் மன்னிச்சிட்டேன்,” என்றாள்.

இருவரும் நிமிர்ந்து டிவியைப் பார்த்தார்கள். கோடு அசையவில்லை.

“இன்னொருக்க சொல்லட்டா?”

“வேண்டாம்ட்டி.”

“மிஷினுக்கு எப்படித் தெரியுது?”

“மிஷினுக்கு ஒண்ணும் தெரியாது. எனக்குத்தான் தெரியுது,” என்றாள் பியூலா.

இசக்கியின் கண் கலங்கியது. கோபத்திலா, இயலாமையிலா என்று பியூலாவால் சொல்ல முடியவில்லை. “நான் என்ன செய்யட்டும்? எனக்கு வரலை. வரவழைக்கணும்னுதான் வந்தேன், வரலை.” முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “நாளைக்கும் வாரேன். வந்து சொல்லிப் பாக்கேன். மனசுல வார வரைக்கும் தினம் சொல்லிப் பாக்கேன்.”

வகுப்பு மணி அடித்தது. பையன்கள் அடித்துப்பிடித்துக்கொண்டு ஓடினார்கள். இசக்கியும் போனாள். பியூலா ஆறிப்போன டீயை வைத்துவிட்டு எழுந்தாள். மறுநாள் இசக்கி வருவாள், அதே வார்த்தையைச் சொல்வாள், தான் அதை நம்ப வேண்டும். நம்பும்படி அவள் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு மாதம்தான் இருந்தது. அதை நினைத்துக்கொண்டே அவள் வகுப்பில் போய் உட்கார்ந்தாள். கேன்டீன் டிவியில் கோடு இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது.